அண்ணை, எங்கள் வீட்டில் படம் உடைகிறது

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணைக்கு,

போன இடத்திலாவது உங்களைக் கூரைமேல் ஏறச் சொல்லிக் கரைச்சல் படுத்தாமல் இருக்கிறார்களா? இங்கே நாங்கள் நல்ல சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை. ரீவிக்கும் சுகமில்லை. இரண்டையும் ஒரு மூச்சில் சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கிறது, அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குருநகரில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் நீங்கள் வைத்த டிஷ் ஒன்று வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறது. அந்த வீடுகளில் எல்லாம் படம் கண்ணாடி மாதிரி. உங்கள் சொந்த வீட்டில் மட்டும் படம் உடைகிறது. பக்கத்து வீட்டுத் திரேசா மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, டிஷ்காரன்ரை வீட்டிலையே படமில்லையாம்?" என்று கேட்டார். "ஓம் மாமி, தையல்காரியின்ரை சட்டையிலையும் பொத்தான் இல்லை, வந்து பாருங்கோ" என்றேன். மாமி முகத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாவம், பகிடிக்குத்தான் கேட்டிருப்பார். எனக்கு இப்போது பகிடி எதுவும் செமிப்பதில்லை.

செத்த வீட்டில் முப்பத்தொன்று முடியும்வரை ரீவி போடுவதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம், உங்களுக்கும் அப்படியே. ஆசுபத்திரியிலிருந்து உங்கள் பெட்டி வருமுன்னமே ரீவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டேன். காலையில் விறாந்தையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு தண்ணீர் கேட்ட மனிதன், மத்தியானம் பெட்டியில் வருகிறார் என்றால், துணி மூடுகிற கைக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் துணியை எடுத்தேன். அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து இருந்தார். அந்த நாளுக்காகக் காத்திருந்தார் என்று அவர் கதிரை இழுத்த விதத்திலேயே விளங்கிவிட்டது.

ரீவியைப் போட்டேன். படம் வந்தது, வந்த கையோடு கட்டம் கட்டமாக உடைந்தது. செய்தி வாசிக்கிற பிள்ளையின் கண் ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம். பிறகு அப்படியே உறைந்து நின்றது. கீழே ஓடுகிற எழுத்து பாதி ஓடி, பாதியில் கரைந்து, பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது.

அந்த எழுத்து எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் காது கேட்காது. வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து போன காது. கேட்கிற காலத்தில் மீனவர் சங்கத்தில் நின்று ஊர் நியாயம் எல்லாம் கதைத்த மனிதன், காது போனபின் மூலையில் குந்திவிட்டார். செய்தி எழுத்தாக ஓடுகிற சனலை அவருக்குப் போட்டுக் கொடுத்து, அவரை மூலையிலிருந்து எழுப்பியவர் அண்ணைதான். எந்தக் கடலில் காற்று, யார் வென்றது, யார் செத்தது, எல்லாம் அந்த எழுத்தில்தான் அவருக்கு வரும். அதை வாசித்துவிட்டு வாசல் படலையில் நின்று போகிற வாறவர்களுக்குச் சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

மகன் கடலுக்கு வரவில்லை, கூரைக்கு ஏறிவிட்டான் என்று எத்தனை காலம் உங்களைக் குறை சொன்னவர். நீங்கள் எழுத்தைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டார். நல்லது என்று ஒரு சொல் சொல்லவில்லை, குறை சொல்வதை விட்டார். அதுவே பெரிய பாராட்டு என்று நீங்கள் சந்தோசப்பட்டீர்கள். உண்மையில் அது பாராட்டுத்தானா, அண்ணை? இல்லை, எங்களுக்கு அது போதும் என்று நாங்கள்தான் முடிவெடுத்துக்கொண்டோமா?

சரி, ரீவிக்கு வருகிறேன். நீங்கள் தொலைபேசியில் ஆட்களுக்குச் சொல்வது எல்லாம் எனக்குப் பாடம். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடி எவ்வளவு கேட்டிருக்கிறேன். "டிஷ் பெட்டியை நிப்பாட்டிப்போட்டு ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. பின்னாலை வயர் இறுக்கமாய் இருக்கோ? மழையோ அங்கை? மழையெண்டால் விடும்வரைக்கும் பொறுங்கோ. மழையில்லையெண்டால் நான் வாறன்." இதே ஒழுங்கில்தான் எல்லோருக்கும் சொல்வீர்கள். நானும் அதே ஒழுங்கில் செய்தேன். பெட்டியை நிறுத்திப் போட்டேன். அதற்குள் செருகுகிற காட்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால், உப்புக்காற்றில் பச்சை பிடித்துக் கிடந்தது. சுரண்டி, துடைத்து, இறுக்கினேன். கொஞ்சம் திருந்தின மாதிரி இருந்தது. பிறகு பழையபடி.

ரிமோட்டை அமத்தி அந்த இரண்டு கோடு வருகிற இடத்துக்குப் போனேன். மேல்கோடு நிறைய நின்றது, கீழ்க்கோடு பாதிக்கும் வரவில்லை. மேலே இருப்பது பலம், கீழே இருப்பது தரம், பலம் இருந்து தரம் இல்லையென்றால் டிஷ் பார்க்கிற திசை பிழை என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்ததுதானே. ஏணியைக் கொண்டுபோய்க் குசினிச் சுவரில் சாத்தினேன். இரண்டு படி ஏறியிருக்க மாட்டேன், அப்பா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்கு."

டிஷ்ஷைக் காட்டி, திருப்பவேண்டும் என்று கையால் சைகை செய்தேன்.

"தொடாதை. கொண்ணை வைச்சது. அவன் வைச்சபடியே இருக்கட்டும்."

கொண்ணை என்றார், அண்ணை. உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து உங்களைப்பற்றி ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது. அதைக் கேட்டபிறகு என்னால் மேலே ஏற முடியுமா? இறங்கி, ஏணியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. விடிந்தால் ரீவியைப் போடுவார். உடைந்த படத்துக்கு முன்னால் இருப்பார். பொழுதுபட்டும் இருப்பார். சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். நான் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டு வந்து பார்த்தால், கோப்பை அப்படியே இருக்கும், சோறு காய்ந்து போயிருக்கும். சீனி வருத்தத்துக்குக் கொடுத்த குளிசையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். தோய்க்கப் போனால் பைக்குள் எல்லாம் மாவாகிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். சுவாமியார் வந்து பார்த்துவிட்டுப் போனார், அவரிடமும் தலையாட்டியதோடு சரி.

அம்மா போனா. நீங்கள் போனீர்கள். கலியாணம் முடித்துப் போய் அது சரிவராமல் திரும்பி வந்தவள் நான், எனக்கென்று இருந்தது இந்த வீடும் நீங்கள் மூன்று பேரும்தான். இப்போது இவரும் கதிரையில் இருந்தபடி காய்ந்து போனால் நான் யாருக்குச் சமைக்கிறது, சுவருக்கா? இதைத்தான் குசினிக்குள் நின்று திரும்பத் திரும்ப என்னையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

பொறுக்கமுடியாமல் ரூபனைக் கூப்பிட்டேன். உங்களோடு வேலைக்குத் திரிந்தவன்தானே, உங்கள் தொலைபேசிக்கு வருகிற ஆட்களை எல்லாம் இப்போது அவனிடம்தான் திருப்பிவிடுகிறேன். விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, "அக்கா, உது குளவி. டிஷ்ஷின்ரை மூக்குக்குள்ளை கூடு வைச்சிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்காகத்தானே அவனை நீங்கள் அந்தப் பேச்சுப் பேசுவீர்கள். அவன் மாறவில்லை, அதே ரூபன்தான்.

நல்லூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அப்பா படலைக்குக் குறுக்கே நின்றார். "வா தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. மேலை ஏறாதை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் யார் மீறுவது? ரூபன் நல்ல பிள்ளையாகத் தேத்தண்ணியைக் குடித்தான். அப்பா திரும்ப ரீவிக்கு முன்னால் போய் இருந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, திரேசா மாமி வீட்டுப் பக்கத்தால் போய் மதிலில் ஏறினான்.

இறங்கி வந்து, தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினான்.

"குளவி இல்லை அக்கா. டிஷ் குழாய் சரிஞ்சு நிக்குது. கொஞ்சந்தான், எண்டாலும் டிஷ்ஷுக்கு அது காணும். ஆரோ கயிறு கட்டி இழுத்திருக்கினம். உதிலை பாருங்கோ."

குழாயின் கழுத்தில் நீல நைலோன் கயிற்றுத் துண்டு ஒன்று இருந்தது. நுனி கத்தியால் அறுத்த மாதிரி. கட்டு மட்டும் அப்படியே.

"உது கண்டபடி கட்டின கட்டில்லை" என்றான். "இழுக்க இழுக்க இறுகிற கட்டு."

நல்லூர்ப் பொடியனுக்கு அது வெறும் கட்டு. எனக்கு அது யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. அண்ணை, உங்களுக்கு அன்றைக்கு நடந்தது தெரியாது, நீங்கள் உள்ளே மெழுகுதிரிக்கு நடுவில் கிடந்தீர்கள். வளவுக்குள் பந்தல் போடப் பொடியள் தறப்பாள் கொண்டு வந்தார்கள். முருங்கையில் ஒரு மூலை, படலைத் தூணில் ஒன்று, மாமி வீட்டு மதிலில் ஒன்று. நாலாவது மூலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தடி எடுத்துவர ஆள் போனது. அதுவரை பொறுக்க அப்பாவால் முடியவில்லை. "நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்" என்று யாரோ சொன்னார்கள், அவருக்குக் கேட்கவா போகிறது? தானே ஏணியில் ஏறி, டிஷ் குழாயைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார்.

வந்த சனத்தின் தலையில் வெயில் படக்கூடாது, மகனைப் பார்க்க வந்தவர்கள் நிழலில் இருக்கவேண்டும். அது மட்டும்தான் அவர் மனதில் இருந்திருக்கும். வள்ளத்துப் பாய்மரத்தில் கட்டிப் பழகிய கை, நிமிர்ந்து நிற்கிற குழாயைக் கண்டால் கட்டத்தானே செய்யும்? பாய்மரம் தாங்கும், டிஷ் குழாய் தாங்குமா? சோளகக் காற்று வேறு. நீங்கள் வீட்டில் கிடந்த நேரமெல்லாம் தறப்பாள் உதறி உதறி இழுத்தது. பந்தல் பிரித்தவர்கள் கட்டை அவிழ்க்க ஏலாமல் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நேரம் ரீவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, யாருக்குத் தெரியும்?

ஆக, நீங்கள் வைத்தபடி அந்த டிஷ் இப்போது இல்லை. நீங்கள் வைத்தது என்று சொல்லி அப்பா காவல் இருக்கிறார், ஆனால் அதைத் திருப்பியது அவர் கட்டிய கயிறு. ரூபனிடம், "உன்ரை வாயிலையிருந்து இது ஒருத்தருக்கும் போகப்படாது. போச்சுதெண்டால் நாக்கை வெட்டி உப்புப் போட்டுக் காயவிடுவன்" என்றேன். "ஓம் அக்கா" என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒழுங்கை முடிந்து றோட்டு வரும்வரை போனான், சத்தம் கேட்கக்கூடாதாம். அப்பாவுக்குக் காது கேட்காது என்பதை அவனும் மறந்துவிட்டான்.

இதை அவருக்கு எப்படிச் சொல்கிறது? காது கேட்கிற மனிதர் என்றால் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லலாம். செவிடருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. "சோறு போடட்டோ?" என்பதையே ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக் கேட்கிறவள் நான். "உங்கடை கயிறுதானப்பா அண்ணையின்ரை டிஷ்ஷை இழுத்தது" என்று கத்தினால், மத்தியானத்துக்குள் அது மீன்சந்தை வரைக்கும் போய்விடும். மகன் செத்த வீட்டில் தகப்பனைப் பற்றி ஊர் கதைக்கிற கதையா அது? எழுதிக் காட்டலாம்தான், ஆனால் அவர் குற்றத்தை என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறதா? களவாகத் திருப்பலாம் என்றால், அவர் வீட்டை விட்டு அசைகிறார் இல்லை, படம் தெளிந்த கணமே பிடித்துவிடுவார். சொல்லாமல் விட்டால் கதிரையிலேயே போய்விடுவார். சொன்னால் அந்தக் குற்றத்திலேயே போய்விடுவாரோ என்று பயம். நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, நீங்கள் வாய் திறக்கிறீர்கள் இல்லை.

போன சனிக்கிழமை பைப்படியில் முகம் கழுவப் போனவர் தலைசுற்றி விழுந்தார். மாமியும் நானும் தூக்கி ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, "அம்மா, வயித்திலை ஒண்டும் இல்லை. இப்பிடியே விட்டால் அடுத்தமுறை எழும்பமாட்டார்" என்று மிக மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தார் போல. அந்த நல்ல மனதுக்கு நான் சிரிக்கிறதா அழுகிறதா?

அடுத்த நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கை வீங்கி, ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியபடி, நேரே போய்க் கதிரையில் இருந்து ரிமோட்டைத் தேடினார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. ரீவியின் வயரைப் பிடுங்கினேன். வெட்டுகிற மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காற்சட்டைக்கு விரித்து வைத்த நீலத் துணி கிடந்தது. அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேசைக்கு முன்னால் நிறுத்தி, துணிக்குக் குறியிடுகிற சோக்கால் அந்தத் துணியிலேயே பெரிதாக எழுதினேன். "பந்தல் கயிறு இழுத்து டிஷ் திரும்பிப் போச்சு." யார் கட்டிய கயிறு என்று எழுதவில்லை. அந்தளவு நெஞ்சுரம் எனக்கு வரவில்லை.

ரீவி எழுத்தை வாசிப்பது போல உதடு அசைய வாசித்தார். பிறகு கதைத்தார். அவருடைய குரல் எப்போதும் உரக்க வரும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பூசைக்குள் கதைக்கிற மாதிரித் தாழ்ந்து வந்தது.

"எனக்குத் தெரியும். நான்தானே கட்டினது."

சோக்கை மேசையில் வைத்தேன்.

"பந்தல் பிரிச்ச அண்டைக்கே கண்டன். கடலிலை கிடந்தவனுக்கு, நிமிர்ந்து நிக்கிறதும் சரிஞ்சு நிக்கிறதும் தெரியாதோ?"

தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார், அண்ணை. நீங்கள் வைத்தபடி இல்லை என்று தெரிந்துகொண்டே, நீங்கள் வைத்தபடி இருக்கட்டும் என்று ஏணியைப் பிடித்திருக்கிறார். சோக்கை எடுத்து "ஏன்?" என்று எழுதினேன்.

"படம் வந்தால் என்ன நடக்கும்?" என்று என்னையே கேட்டார். "ரூபன் வருவான், திருப்புவான், படம் வந்திடும். நீ தைச்சுக்கொண்டு இருப்பாய். நான் செய்தி பாப்பன். அவன் இல்லாமலே எல்லாம் நடக்கும் எண்டு ஆகிடும். உது உடைஞ்சபடி கிடக்கட்டும் பிள்ளை. இந்த வீட்டிலை ஒண்டெண்டாலும் அவன் இல்லையெண்டு சொல்லிக்கொண்டு கிடக்கட்டும்."

அழவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது கோபம். சோக்கைச் சுவரில் எறிந்துவிட்டுக் கத்தினேன். ஊர் கேட்கட்டும், மீன்சந்தை கேட்கட்டும் என்று கத்தினேன்.

"ஒண்டெண்டாலுமோ? அப்ப நான் ஆரப்பா? என்னைப் பாத்தால் தெரியேல்லையே அவன் இல்லையெண்டு? ரீவி உடைஞ்சது தெரியுது, நான் உடைஞ்சு போய்க் கிடக்கிறது தெரியேல்லையே? நீங்களும் போயிட்டால் நான் ஆரோடை இருக்கிறது? சொல்லுங்கோ, எனக்கு ஆர் இருக்கினம்?"

மாமி வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பாவுக்கு எவ்வளவு விழுந்ததோ தெரியாது. என் வாயையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். கனநேரம் பார்த்தார். உங்கள் அடக்கத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்ததே அப்போதுதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு வெளியே போனார். போய் ஏணியைத் தூக்கினார். ஓடிப்போய் வாங்கி நான் சாத்தினேன். ஏணியின் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

உங்கள் பையிலிருந்து நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். குசினிக் கூரை சுட்டது. நட்டை இளக்கி, குழாயைத் தோளால் தள்ளி நிமிர்த்தினேன். அந்தக் கயிற்றுக் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மேலே நின்று திருப்புகிறவருக்குப் படம் தெரியாது, கீழே படத்தைப் பார்க்கிறவர்தான் குரல் கொடுக்கவேண்டும். அப்பாவைப் பார்த்து உள்ளே போகும்படி கையைக் காட்டினேன். விளங்கிக்கொண்டார். போனார்.

நான் டிஷ்ஷைப் பிடித்து மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிழக்கே திருப்பினேன். சத்தமில்லை. "வருதோ அப்பா?" என்று கத்தினேன், யாருக்குக் கத்துகிறேன் என்று பிறகுதான் நினைவு வந்தது. கொஞ்சம் பின்னுக்குச் சரித்தேன். அப்போதும் இல்லை. கதிரையில் இருந்தபடி சரிந்துவிட்டாரோ? சாவியைக் கூரையில் போட்டுவிட்டு இறங்கப் போன நேரம், அவர் முற்றத்துக்கு வந்தார். வெயிலுக்குள் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"படம் வந்திட்டுது" என்றார்.

நான் திரும்பி நட்டை இறுக்கினேன். இறுக்கி முடித்துப் பார்த்தால் அவர் போகவில்லை. அதே இடத்தில் நிற்கிறார்.

"படம் வந்திட்டுது பிள்ளை" என்று திரும்பவும் சொன்னார். "அவன் வரேல்லை."

அப்படியே மண்ணில் குந்தி இருந்து அழுதார். உங்கள் பெட்டியை மூடியபோது அழாத மனிதன், சேமக்காலையில் மண் போட்டபோது அழாத மனிதன். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் எவ்வளவு பெரிதாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. திரேசா மாமி ஓடி வந்து படலையில் நின்றுவிட்டார். நான் இறங்கிப் போய் அவரைப் பிடித்திருக்கவேண்டும். இறங்கவில்லை, அண்ணை. கூரையில் இருந்து நானும் அழுதேன்.

அன்றைக்குப் பின்னேரம் கொஞ்சம் சோறு சாப்பிட்டார். நேற்றுப் பாதிக் கோப்பை. இன்றைக்குக் காலையில் பாணைக் கிள்ளி வைத்துவிட்டு எழும்பிவிட்டார். ரீவியில் எழுத்து முழுதாக ஓடுகிறது, வாசிக்கிறார், ஆனால் படலைக்குப் போய் ஒருவருக்கும் சொல்கிறார் இல்லை. எல்லாம் சரிவந்துவிட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் கதிரையில் கண்ணயர்ந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நான் மெஷினுக்குப் போகிறேன்.

ஒன்று சொல்லுகிறேன், கேளுங்கள். இனிமேல் நான் குசினியில் நின்று தனியாகச் சாப்பிடமாட்டேன். கோப்பையோடு அவருக்கு முன்னால் போய் இருப்பேன். அவர் ஒரு வாய் வைத்தால்தான் நான் ஒரு வாய். அவர் பட்டினி என்றால் நானும் பட்டினி. பிடிவாதத்தில் யார் பெரிது என்று பார்ப்போம், நானும் அவர் பெற்ற பிள்ளைதானே.

அங்கே உங்களுக்குத் தனிமையாக இருக்கும். அம்மா பக்கத்தில் இருந்தாலும், அப்பா வந்தால் நல்லது என்று நீங்கள் நினைக்கக்கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணை, நீங்கள் கேட்டாலும் நான் இப்போது அவரை அனுப்பமாட்டேன். எனக்கு அவர் வேணும்.

உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிற,
உங்கள் தங்கச்சி
றெஜினா